ஜோடி இல்லாமல் மெட்ராஸில்

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். சம்பளம் வாங்கும்போது கையெழுத்துப் போட்டதைத் தவிர பேனாவை அதிகம் பிடித்ததில்லை. ஒன்றைச் சொல்ல ஆரம்பித்து வேறொன்றில் போய் நின்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். மறதியும் சேர்ந்துவிட்டது. சிலருடைய முகம் நினைவிருக்கிறது, பேர் இல்லை. நடந்தது நினைவிருக்கிறது, வருசம் இல்லை.

எழுதச் சொன்னது, நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியின் செக்கிங் பிரிவில் இப்போது இருக்கும் பிள்ளைகள். ஏதோ சிறப்பு மலர் போடுகிறார்களாம். கவிதா என்ற பெண் அதற்காக வீட்டுக்கு வந்தாள். இப்போதெல்லாம் ஒரு பனியனை ஒரே ஆள்தான் முழுக்கப் பார்க்கிறாளாம். விளக்கு வைத்த மேஜை முன்னால் நின்றுகொண்டு பார்க்கிறார்களாம்.

"ஏனுங்க அக்கா, உங்க காலத்துல ஒரு பனியனை ரெண்டு பேரு பாப்பீங்களாமா, நெசமாங்க?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். எதற்காக அப்படி என்று கேட்டாள். அதைச் சொல்ல வேண்டுமானால் நான் மெட்ராஸ் போனதைச் சொல்ல வேண்டும். முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

என் பேர் பழனாத்தாள். வெண்ணெய்க்குப் பேர்போன ஊத்துக்குளிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். கட்டிக்கொடுத்த இடத்தில் ஒரு வருசம்கூட நிலைக்காமல் அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்தவள். அது எதனால் என்று எழுதப் போவதில்லை. யாரும் கேட்கவும் வேண்டாம். ஆனால் அந்தக் காலத்தில் கேட்காத ஆள் கிடையாது. திருப்பூருக்கு வேலைக்குப் போகிற பாசஞ்சர் வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் பேர் கேட்பதற்கு முன்னால் அதைத்தான் கேட்பார்கள். உங்கூட்டுக்காரர் என்ன பண்றாருங்க? அதற்காகவே நான் கதவுப் பக்கம் நின்றுகொண்டே போவேன்.

முதலில் கைமடி வேலை. டெய்லர் தைக்கத் தைக்கப் பக்கத்தில் நின்று துணியை மடித்துக் கொடுப்பது. பிறகு பிசிறு வெட்டுவது. பிறகு செக்கிங். இதற்குள் சில வருசங்கள் போயின. அதில் சொல்ல ஒன்றும் இல்லை. தோள் வலித்தது, அப்புறம் பழகிவிட்டது.

செக்கிங்குக்குத் தங்கவேல் மாஸ்டர்தான் எல்லாம். வீரபாண்டியிலிருந்து சைக்கிளில் வருவார். வெள்ளை வேட்டியில் ஒரு நூல் பிசிறுகூட ஒட்டியிருக்காது. பனியன் கம்பெனியில் அப்படி இருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் ஏற ஏற அவருக்கு மரியாதை ஏறும். சாதாரணமாக இருந்தால் "அம்மிணி" என்பார். தப்பு கண்டுபிடித்தால் "சாமி" என்பார். "நெம்பக் களைச்சுட்டீங்களாட்ட இருக்குதுங்க சாமி, ஊட்டுல ரெண்டு நாள் இருந்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டால் அந்தப் பெண் அழுதுகொண்டுதான் போவாள்.

ஜோடி முறை அவர் வைத்தது. இரண்டு இரண்டு பேராகத் தரையில் சாக்கு விரித்து உட்காருவோம். வலது கைப் பக்கம் இருப்பவள் மேல்பக்கம் பார்ப்பாள். இடது கைப் பக்கம் இருப்பவள் உள்பக்கம் பார்ப்பாள். நான் மேல்பக்கம்.

மேல்பக்கம் பார்ப்பதைச் சொல்கிறேன். இடது கையைப் பனியனுக்குள் விட்டு விரல்களை நன்றாக விரிக்க வேண்டும். கழுத்துப் பட்டியில் ஆரம்பித்து, தோள், கை மூட்டும் இடம், மார்பு, கீழ்மடிப்பு என்று ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பிக்கொண்டே வர வேண்டும். ஊசி குத்தி நூல் அறுந்த ஓட்டை இருந்தால் விரலின் தோல் அந்த இடத்தில் தெரியும். எண்ணெய்ப் பொட்டு இருந்தால் வெளிச்சம் அங்கே மட்டும் மங்கும். கண்டால் ஒரு சின்ன ஸ்டிக்கரை அம்புக்குறி போல ஒட்ட வேண்டும். தப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிமிர்ந்து பார்க்காமல் இடது பக்கம் நீட்ட வேண்டும். ஜோடி வாங்கி உள்பக்கத்தைத் திருப்பித் தையல் விட்டிருக்கிறதா, ஓரத்து ஓவர்லாக் தையல் பிரிந்திருக்கிறதா என்று பார்த்து மடித்து வைப்பாள். மாஸ்டர் குவியலிலிருந்து ஒன்றை உருவுவார். கவனிக்காமல் விட்ட தப்பு இருந்தால், அது எந்தப் பக்கத்துத் தப்பாக இருந்தாலும், இரண்டு பேரும் எழுந்து நிற்க வேண்டும்.

ஆரம்பத்தில் ஒரு நாள் நான் ஆர்வத்தில் பனியனைத் திருப்பி உள்ளேயும் பார்க்கப் போனேன். மாஸ்டர் பின்னால் வந்து நின்றார். "ரெண்டு பேரு வேலையை ஒருத்தரு எதுக்குங்க சாமி பாக்கோணும்?" என்றார். அதற்குப் பிறகு நான் திருப்பியதில்லை.

என் ஜோடி சகாயம். முழுப்பேர் சகாயராணி. தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்த வேதக்காரக் குடும்பம். நான் பேசாமல் இருப்பதற்கும் சேர்த்து அவள் பேசுவாள். நான் யாரையும் ஒருமையில் கூப்பிட மாட்டேன். அவள் என்னைவிடச் சின்னவள்தான், அவளையும் வாங்க போங்க என்றுதான் சொல்வேன். அவளுக்கு அது பிடிக்காது.

"என்னையப் போயி வாங்க போங்கன்னு சொல்லாதட்டி. கலெக்டர்ட்ட மனு குடுக்க மாதிரி இருக்கு" என்பாள்.

அந்த நாளில்தான் மெட்ராஸ் மேடம் வர ஆரம்பித்தார். வெளிநாட்டு ஆர்டர்களை மெட்ராஸில் ஓர் ஆபீஸ் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது. சரக்கு கட்டுவதற்கு முன்னால் அந்த ஆபீஸிலிருந்து வந்து பார்த்துச் சரி சொன்னால்தான் பெட்டி ஒட்டலாம். மேடத்தின் பேர் சுசீலாவோ சுலோசனாவோ. நூல் சேலை, தோள்வரை வெட்டிய முடி, கையில் கடிகாரம், சர்க்கரை போடாத டீ. தனியாகத்தான் வருவார், தனியாகத்தான் போவார். அவருக்கு வீட்டுக்காரர் இருக்கிறாரா என்று எங்கள் முதலாளி முதற்கொண்டு யாரும் கேட்டதில்லை. அது எனக்கு அதிசயமாக இருந்தது.

ஒரு தடவை என் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உனக்கு நல்ல கண்ணு. மெட்ராஸ் வந்தா எங்க ஆபீஸுக்கு வா. உன்னை மாதிரி ஆள்தான் வேணும்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மேடம் போன பிறகு மாஸ்டர் அந்தப் பக்கமாக வந்து, பெரிய இடத்துப் பேச்சு அப்படித்தான் இருக்கும், நாம் வேலையைப் பார்ப்போம் என்கிற மாதிரி என்னமோ சொன்னார். காதில் ஏறவில்லை. எனக்குள் மெட்ராஸ் வந்துவிட்டது.

மெட்ராஸ் என்றால் மற்றவர்களுக்குக் கடல், சினிமா. நான் நினைத்தது ஓர் அறை. அண்ணன் வீட்டில் நான் ஆசாரத்தில்தான் படுப்பேன். கூடத்தைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். போகிறவர் வருகிறவர் தாண்டிக்கொண்டுதான் போவார்கள். அண்ணன் சம்சாரத்தை நங்கை என்று கூப்பிடுவோம். என் நங்கை கெட்டவள் இல்லை. ஒரு நாளும் ஒரு சொல் சொன்னதில்லை. ஆனாலும் விருந்தாளி வந்தால் நான் யாரென்று சொல்வதற்கு முன்னால் அவள் ஒரு நிமிசம் தயங்குவாள். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளலாம், யாரென்று கேட்க ஆளில்லாத தெரு, காலையில் பூட்டிவிட்டு வேலைக்குப் போவது. நான் கண்ட மெட்ராஸ் இவ்வளவுதான்.

சகாயத்திடம் மட்டும் சொன்னேன். அவள் அதை அப்படியே தன்னுடையதாகவும் ஆக்கிக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் போவோம்ட்டி. ஒரு ரூம் எடுப்போம். நீ சோறு பொங்கு, கொழம்பு நான் வைக்கேன். ஒங்க ஊர்க் கொழம்புல உப்பும் கெடையாது ஒறப்பும் கெடையாது."

"சரிங்க" என்றேன்.

"பாரு, மறுபடியும் ங்க" என்று முழங்கையால் இடித்தாள்.

வருசக்கணக்கில் இதையே பேசினோம். அந்த ரூமில் ஜன்னல் எந்தப் பக்கம், யார் பாய் எந்தப் பக்கம் என்பதுவரை பேசினோம். மேடம் வரும்போதெல்லாம் சகாயம் என் தொடையைக் கிள்ளுவாள், கேள் கேள் என்று. நான் கேட்டதில்லை. பிறகு அவளுக்கு அத்தை மகனோடு கல்யாணம் பேசி ஊருக்கே கூட்டிக்கொண்டு போனார்கள். போகிற அன்று அவள் சிரிக்கவில்லை. "நீ போயிரு பிள்ள. என் பங்கையும் சேத்து நீயே இருந்துக்கோ" என்றாள்.

அதற்கப்புறம் ஜோடிகள் மாறினார்கள். கடைசியில் தனம் என்ற பெண் வந்தாள். நல்ல பிள்ளை. நான் நிமிர்ந்து பார்க்காமல் இடது பக்கம் நீட்டுவேன், ஒரு கை வாங்கிக்கொள்ளும். நாள் முழுக்க எனக்குத் தெரிந்தது அந்தக் கை வாங்குவது மட்டும்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கமாக இருக்க வேண்டும், ஒரு லாட், அதாவது ஓர் ஆர்டருக்கான மொத்தச் சரக்கு, மெட்ராஸில் நின்றுவிட்டது. வெள்ளைப் பனியன். பெட்டி ஒட்டித் துறைமுகத்துக்குப் போன பிறகு, அங்கே ஒன்றிரண்டைத் திறந்து பார்த்ததில் தோள்பட்டையில் எண்ணெய்ப் பொட்டு. கடுகில் பாதிகூட இருக்காது, ஆனால் வெள்ளையில் அது போதும். மிஷினில் எண்ணெய் ஒழுகியிருக்கிறது. அதே மிஷினில் தைத்தது எத்தனை பெட்டியில் கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. திருப்பி எடுத்து வந்தால் கப்பல் போய்விடும். எனவே செக்கிங் ஆட்களை மெட்ராஸுக்கே கூட்டிப் போய் எல்லாப் பெட்டியையும் பிரித்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

பெண்களை வெளியூருக்கு அழைத்துப் போவதால் மாஸ்டர் ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் போய்க் கேட்டார். எங்கள் வீட்டில் தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தார். "நம்மூட்டுப் புள்ளையாட்டக் கூட்டிட்டுப் போயி, அப்பிடியே கொண்டாந்து உட்டர்றனுங்க" என்று அண்ணனிடம் சொன்னார். அண்ணன் சரி என்றார். நான் ஆசாரத்தின் மூலையில் நின்று துணிப் பையைக் கட்டினேன். நங்கை எட்டிப் பார்த்து, நாலு நாளைக்கு எதற்கு இத்தனை சேலை என்று கேட்டாள். அங்கே மழை பெய்யுமாமுங்க என்று சொன்னேன். என்னிடம் இருந்த நல்ல சேலை எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தேன்.

மெட்ராஸில் நாங்கள் இறங்கியது, நேராகப் போனது, உட்கார்ந்தது எல்லாம் ராயபுரம் பக்கம் ஒரு குடோனில். ஊர் என்று ஒன்றையும் பார்க்கவில்லை. குடோனில் மீன் வாடையும் டீசல் வாடையும் அடித்தன. எங்களுக்கு வேர்த்த வேர்வை திருப்பூரில் ஒரு மாதத்துக்கும் வேர்க்காது. வெள்ளைப் பனியனில் வேர்வை விழுந்தால் எண்ணெயை எடுக்க வந்தவர்கள் புதுக் கறையை வைத்த கணக்காகிவிடும். மாஸ்டர் ஊரிலிருந்தே ஒரு மூட்டை பனியன் வேஸ்ட், வெட்டிக் கழித்த துணி, கொண்டுவந்திருந்தார். அதைக் கிழித்து எங்கள் ஒவ்வொருவரின் மணிக்கட்டிலும் நெற்றியிலும் கட்டிக்கொள்ளச் சொன்னார். தனம் என்னைப் பார்த்து, அடிபட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் மாதிரி இருக்கிறீர்கள் அக்கா என்று சிரித்தாள். அவளும் அப்படித்தான் இருந்தாள்.

மாஸ்டர் ஒழுங்கு அங்கேயும் மாறவில்லை. பெட்டியை அவரே பிரிப்பார். பிரித்த நாடாவை ஒரே பக்கம் சுருட்டி வைப்பார். பொட்டு இருந்த பீஸ் அவரிடம் போகும். மருந்து அடித்து எடுக்க முடிந்தால் எடுப்பார், முடியாவிட்டால் தனியே வைப்பார். சாப்பாட்டுக்குப் போகும் முன் எல்லோரும் கை கழுவித் துடைத்து அவரிடம் காட்ட வேண்டும். வந்த பிறகும் காட்ட வேண்டும். குடோன் ஆட்கள் எங்களைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று கேலி செய்தார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ மேடம் வந்தார். முடி கொஞ்சம் நரைத்திருந்தது. நான் பார்த்து ஒதுக்கியதை எடுத்துப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"வெண்ணெய் ஊர்ப் பொண்ணுதானே நீ? இன்னும் அங்கயேவா இருக்க?"

"ஆமாங்க."

"நான் அப்பவே சொன்னேன் இல்ல? இப்ப ஒரு எடம் காலியா இருக்கு. நாளைக்குக் காலைல ஆபீஸுக்கு வா. எங்க பெரியவர் முன்னாடி கொஞ்சம் பீஸ் பாத்துக் காட்டு. புடிச்சிருந்தா இந்த மாசமே சேந்துக்கலாம்."

எங்கே தங்குவது என்று நான் கேட்டேன். என் வாயிலிருந்து அந்தக் கேள்வி எப்படி வந்தது என்று இப்போதும் தெரியவில்லை. ஆபீஸிலிருந்து நடக்கிற தூரத்தில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான ஹாஸ்டல் இருக்கிறது, தானே பேசி இடம் வாங்கித் தருவதாகச் சொன்னார்.

அதை மாஸ்டரிடம் சொல்ல வேண்டும். சாயங்காலம் எல்லோரும் குழாயடிக்குப் போன பிறகு அவர் எதிரில் போய் நின்றேன். அண்ணனிடம் அவர் சொன்ன சொல் வேறு மனதில் இருந்தது. மேடம் கூப்பிட்டார் என்று மட்டும் சொன்னேன். அவர் பெட்டி நாடாவைச் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

"போகோணும்னு இருக்குதுங்களா அம்மிணி?"

"ஆமாங்க."

"அப்பறமென்னுங்க. பெரியூரு, தனியாப் போகாதீங்க. நானே வந்து உடறன்."

இவ்வளவுதான். அவர் தடுப்பார் என்று நினைத்திருந்தேன். தடுக்காதது எனக்கு எப்படியோ இருந்தது. வேறு என்னமோ சொல்ல வந்த மாதிரி நின்றார். பிறகு சாப்பிடப் போகச் சொன்னார்.

மறுநாள் பஸ்ஸில் போனோம். அவர் முன்னால், நான் பெண்கள் பக்கம். நல்ல சேலை கட்டியிருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது எனக்கு எவ்வளவு சந்தோசமாக இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். இறங்கி நடந்த தெருவில் அந்த ஹாஸ்டல் இருந்தது. மேல்மாடி முழுக்கச் சேலைகள் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு பெண் வெளியே வந்து, கைப்பையிலிருந்து சாவியை எடுத்துப் பார்த்து, திரும்பப் போட்டுக்கொண்டு, எங்களைத் தாண்டிப் போனாள். நான் நின்றுவிட்டேன். மாஸ்டரும் கொஞ்சம் தள்ளி நின்றார். கடைசி ஜன்னலை மனசுக்குள் எனக்கென்று வைத்துக்கொண்டேன்.

ஆபீஸ் இரண்டாம் மாடியில். மாஸ்டர் மேலே வரவில்லை. கீழே ஒரு கடை நிழலில் நிற்பதாகச் சொன்னார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். தரை ஜில்லென்று இருந்தது. உள்ளே எல்லோரும் செருப்போடு இருந்ததைப் பார்த்துத் திரும்பிப் போய்ப் போட்டுக்கொள்ளலாமா என்று நினைத்தேன், வெட்கமாக இருந்தது. இடுப்பு உயரத்துக்கு ஒரு வெள்ளை மேஜை. மேலே குழல் விளக்கு. பெரியவர் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேடம் கொஞ்சம் பனியன்களை என் முன்னால் வைத்து, "பயப்படாத, ஊர்ல பாக்கற மாதிரியே பாரு" என்றார்.

ஊரில் பார்க்கிற மாதிரியே பார்த்தேன். இடது கையை உள்ளே விட்டேன். விரித்தேன். கழுத்து, தோள், கை, மார்பு. முதல் பனியனிலேயே அக்குள் பக்கம் ஊசி ஓட்டை. ஸ்டிக்கரை ஒட்டி, நிமிராமல், இடது பக்கம் நீட்டினேன்.

யாரும் வாங்கவில்லை.

நீட்டின கை நீட்டினபடியே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் நிமிர்ந்தேன். அந்தப் பக்கம் ஒரு சுவர், அதில் ஒரு காலண்டர்.

"யார்கிட்ட குடுக்கற?" என்று மேடம் சிரித்தார். பெரியவரும் சிரித்தார். கேலியாக இல்லை. எனக்குக் காது சூடாகிவிட்டது. பனியனை மேஜையின் இடது ஓரத்தில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தேன். இனிமேல் நீட்டக் கூடாது, நீட்டக் கூடாது என்று அது ஒன்றையே நினைத்துக்கொண்டு பார்த்தேன். ஓட்டை, பொட்டு, கழுத்துப் பட்டி கோணல், ஒன்றும் தப்பவில்லை. ஒவ்வொன்றாக இடது ஓரத்தில் வைத்தேன். பார்த்து முடித்ததும் மேடம் பெரியவரை ஒரு மாதிரி பெருமையாகப் பார்த்தார்.

பெரியவர் எழுந்து வந்தார். குவியலில் ஒன்றை எடுத்து உள்பக்கமாகத் திருப்பினார். பக்கத் தையல் இரண்டு விரல் போகிற அளவுக்கு விட்டிருந்தது. இன்னொன்றைத் திருப்பினார். அதில் ஓவர்லாக் பிரிந்து தொங்கியது. மூன்றாவதைத் திருப்பவில்லை. அப்படியே வைத்துவிட்டு மேடத்திடம் இங்கிலீஷில் ஏதோ மெதுவாகச் சொன்னார்.

மேடம் முகம் வாடிவிட்டது. "ஏம்மா, உள்ள திருப்பிப் பாக்க மாட்டியா?"

"அது சகாயம் பாப்பாங்க" என்றேன்.

அவர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேடம் கேட்டார், யார் அது சகாயம் என்று. சகாயம் போய் எத்தனையோ வருசமாகிவிட்டது. அவளுக்கு அப்புறம் எத்தனை பேர் வந்து போனார்கள், இப்போதிருப்பது தனம். இதையெல்லாம் நான் சொல்லவில்லை. நான் போயிட்டு வர்றனுங்க என்று மட்டும் சொன்னேன். மேடம் கதவுவரை வந்தார். வருத்தமாகத்தான் இருந்தார். இங்கே ஒரே ஆள்தான் முழுசும் பார்க்க வேண்டும், கற்றுக்கொண்டு வா, பிறகு பார்க்கலாம் என்றார்.

கீழே இறங்கித் தெருவில் கால் வைத்த பிறகுதான் சூடு ஏறியது. செருப்பு மேலேயே நின்றுவிட்டது. திரும்பி அந்தப் படியில் ஏற என்னால் முடியாது. அப்படியே நின்றேன். மாஸ்டர் கடை நிழலிலிருந்து வந்தார். என் காலைப் பார்த்தார். மாடி ஏறிப் போனார். வரும்போது என் செருப்பு இரண்டையும் கையில் எடுத்து வந்து என் முன்னால் குனிந்து வைத்தார். எங்கள் ஊரில் அவருக்கிருந்த மரியாதைக்கு அது நடக்கிற காரியம் இல்லை. நான் போட்டுக்கொள்ளவில்லை. என் வாழ்க்கையில் மூத்தவர் ஒருவரை நான் எதிர்த்துக் கேள்வி கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"ஏனுங்க மாஸ்டர், எனக்கு உள்பக்கம் பாக்க ஏனுங்க சொல்லித் தரல?"

அவர் ரோட்டைப் பார்த்தார்.

"முழுசுந் தெரிஞ்சுதுன்னா ஆளு நிக்காது, பக்கத்துக் கம்பெனிக்காரன் கூட்டிட்டுப் போயிருவான்னு மொதலாளி சொன்னாருங்க. பாதி தெரிஞ்சா எங்கியும் போக முடியாது. அதுக்குத்தானுங்க ஜோடி."

சொல்லிவிட்டு என் செருப்பைப் பார்த்தார்.

"நேத்தே சொல்லியிருக்கோணும். சொன்னா, நான் போக வேண்டாம்னு தடுக்கறனாட்ட ஆயிருமேன்னு இருந்துட்டனுங்க சாமி."

தப்பு செய்தவர்களிடம்தான் அவர் சாமி என்பார் என்று சொன்னேனே. அன்று அதை யாருக்குச் சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. நான் செருப்பைப் போட்டுக்கொண்டேன். பஸ்ஸில் ஏறினோம். குடோனில் தனம், மெட்ராஸைச் சுற்றிப் பார்த்தீர்களா என்று கேட்டாள். பார்த்தேன் என்றேன். மிச்சப் பெட்டிகளை முடித்தோம். கப்பலுக்குச் சரக்கு ஏறிவிட்டதாகச் சொன்னார்கள். சொன்னபடி மாஸ்டர் என்னை அண்ணன் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டார். நங்கை என் துணிப் பையை அவிழ்த்து, கட்டாத சேலைகளை எடுத்து அலமாரியில் வைத்தாள். மழை பெய்யலையா என்று கேட்டாள். இல்லீங்க என்றேன்.

அடுத்த திங்கட்கிழமை மாஸ்டர் என்னையும் தனத்தையும் இடம் மாற்றி உட்காரச் சொன்னார். இன்னிக்கு நீங்க உள்பக்கம் பாருங்க அம்மிணி என்றார். கொஞ்ச நாள் கழித்து இன்னொரு ஜோடியையும் மாற்றினார். பிறகு எல்லோரையும். முதலாளி கேட்டாரா, இவர் என்ன பதில் சொன்னார் என்பதெல்லாம் தெரியாது. சில மாதங்களில் எனக்கு இரண்டு பக்கமும் கை வந்துவிட்டது. சில பெண்கள் உண்மையாகவே வேறு கம்பெனிகளுக்குப் போனார்கள். தனமும் போனாள்.

நான் போகவில்லை. மேடம் பிறகு வரவில்லை, வேறொருவர் வந்தார். அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்கிற தைரியத்தை நான் அந்த மெட்ராஸ் தெருவிலேயே செலவழித்துவிட்டேன் போலிருக்கிறது. கண் மங்குகிறவரை அதே கம்பெனியில் பார்த்துவிட்டு நின்றுகொண்டேன். அண்ணனும் நங்கையும் காலமான பிறகு இங்கே வாடகைக்கு ஓர் அறை எடுத்து இருக்கிறேன். தாழ்ப்பாள் இருக்கிறது. இப்போது யாரும் எதுவும் கேட்பதில்லை. பொழுது சாய்ந்தால் யாராவது கேட்டால் தேவலை என்றுகூட இருக்கிறது.

கவிதா, நீங்கள் கேட்டதற்கு இதுதான் பதில். அச்சில் போடுவதற்கு முன்னால் யாராவது ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். அந்த லாட் நின்ற வருசம் பழைய ஆட்களுக்குத் தெரிந்திருக்கும். மேடத்தின் பேரையும் கேளுங்கள். குடோன் ராயபுரத்திலா, அதற்கு அடுத்தா என்பதும் எனக்கு நிச்சயமில்லை. முக்கியமாக மாஸ்டர் சொன்னதைப் பாருங்கள். அவர் காலமாகிவிட்டார். மகன் வீரபாண்டியில்தான் இருக்கிறார். அப்பா எப்போதாவது இதைப் பற்றிப் பேசியிருக்கிறாரா என்று கேளுங்கள். அந்தத் தெருவில் அப்போது இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். நான் கூட்டியோ குறைத்தோ எழுதியிருந்தால் திருத்திவிடுங்கள். அவர் அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டார் என்று மகன் சொன்னால், அதையே போட்டுவிடுங்கள்; நான் வருத்தப்பட மாட்டேன்.